அரைச் சொல்லுக்கு முழு விடை

தட்டத் தட்ட விடை காட்டும் தேடல் பெட்டியைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடைத் தளத்தில் ‘லைக்’ கட்டளைக்கு இருபுறமும் % போட்டுத் தேடுகிறோம். நன்றாகத்தானே ஓடுகிறது? மாற்ற வேண்டுமா?
— கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: சில ஆயிரம் பொருள்தான் என்றால் மாற்ற வேண்டாம், ஓடட்டும். லட்சத்தைத் தாண்டினால் திணறும். சொல்லுக்குப் பின்னால் மட்டும் % இருந்தால், தரவுத்தளம் தன் பி-ட்ரீ இண்டெக்ஸில் அந்த இடத்துக்கு நேராகப் போய்விடும். முன்னாலும் % வைத்துவிட்டால் எங்கே தொடங்குவதென்று அதற்குத் தெரியாது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை படித்தே ஆக வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும்.

சரி, முன்னால் உள்ள %-ஐ எடுத்துவிடலாம் என்றால் வேறு சிக்கல். ‘காஞ்சிபுரம் பட்டுச் சேலை’ என்ற பொருள் ‘பட்டு’ என்று தட்டுபவருக்குக் கிடைக்காது. பெயர் காஞ்சியில் அல்லவா தொடங்குகிறது? பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்து வைக்கும் முழு உரைத் தேடல் இதற்காகத்தான் வேண்டியிருக்கிறது. பிரித்த பிறகும் உள்ளே இருப்பது ‘பட்டுச்’ என்ற ஒற்று மிகுந்த சொல். முழுச் சொல்லாக ஒப்பிட்டால் ‘பட்டு’ பொருந்தாது. முன்பாதி ஒப்பீடு, அதாவது ப்ரீஃபிக்ஸ் தேடல், அந்த ஒற்றைப் பொருட்படுத்தாமல் பிடித்துவிடும். சந்தி மிகும் மொழிக்கு இது பெரிய உதவி.

கேள்வி: கோடிக்கணக்கான ஆவணங்களில் ‘மல’ என்று தொடங்குவதையெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் எப்படி எடுக்கிறது?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஆவணங்களை அது தொடுவதே இல்லை, சொற்பட்டியலைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்ற குறிப்போடு, எல்லாச் சொற்களும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். டக் கட்டிங் 1999-இல் தொடங்கிய லூசீன் நூலகமும், அதன்மேல் ஷாய் பேனன் கட்டி 2010-இல் வெளியிட்ட எலாஸ்டிக்சர்ச்சும் இப்படித்தான் இயங்குகின்றன. வரிசையில் ‘மல’ தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் போதும். மலர், மலை, மல்லிகை என்று நடந்துகொண்டே போய், ‘மளிகை’ வந்ததும் நின்றுவிடலாம். அந்த முதல் இடத்தைக் கண்டுபிடிக்க, முன்பாதிகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சுருக்கமான கட்டமைப்பு நினைவகத்தில் இருக்கும். அதன் மூதாதையான ‘ட்ரை’ என்ற மரவடிவத்தை 1959-இல் ரெனே டி லா பிரியாண்டே முன்வைத்தார். 1960-இல் எட்வர்ட் ஃபிரெட்கின் அதற்குப் பெயர் சூட்டினார். இன்றைய கைப்பேசி விசைப்பலகை உங்கள் சொல்லை ஊகிப்பதற்குப் பின்னாலும் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளைக் காணலாம்.

கேள்வி: முதல் எழுத்திலிருந்தே விடை காட்டலாமா?
— சேலம்

பதில்: காட்டலாம், ஆனால் பயன் குறைவு, செலவு அதிகம். ‘ம’ என்ற ஒன்றுக்குள் எத்தனை ஆயிரம் சொற்கள்! பழைய லூசீன் அத்தனையையும் ‘அல்லது’ போட்டுக் கோத்து ஒரே கேள்வியாக்கும். 1024-ஐத் தாண்டினால் பிழை காட்டி நின்றுவிடும். இப்போதைய பதிப்புகள் நிற்பதில்லை, வேறு வழியில் சமாளிக்கின்றன.

ஆனால் அதைவிட நுட்பமான பொறி ஒன்று இன்னும் இருக்கிறது. எலாஸ்டிக்சர்ச்சில் ‘மேட்ச் ஃப்ரேஸ் ப்ரீஃபிக்ஸ்’ என்றொரு வினவல். கடைசிச் சொல்லின் முன்பாதியை அது அதிகபட்சம் 50 சொற்களாகத்தான் விரிக்கும். மாற்றாவிட்டால் அதுதான் அளவு. எந்த ஐம்பது? அதிகம் தேடப்படும் ஐம்பது என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் முதலில் வரும் ஐம்பது. இப்போது ‘சென்னை ம’ என்று தட்டிப் பாருங்கள். யூனிகோடில் மெய்வரிசை முதலில், கால், கொம்பு போன்ற துணைக்குறிகள் அதற்குப் பிறகு. ஆகவே மக, மகன், மகள், மகிழ்ச்சி என்று ஐம்பதும் அங்கேயே தீர்ந்துவிடும். ‘மெரினா’ ஒற்றைக்கொம்போடு வரிசையில் வெகு பின்னால் நிற்கிறது. ஆவணம் இருக்கிறது, சொல் இருக்கிறது, விடையில் மட்டும் மெரினா இல்லை. ‘மெ’ என்று கொம்பு போட்டால்தான் தலைகாட்டும். சோதித்த நிரலாளர் முழுப் பெயரையும் தட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக வருகிறதே’ என்று போய்விட்டால் இது பல மாதம் யார் கண்ணிலும் படாது. எந்தத் தேடலையும் அரைச் சொல்லிலேயே சோதியுங்கள்.

கேள்வி: மூன்று சொல் தட்டினால் மூன்றையும் முன்பாதியாக எடுக்க வேண்டுமா?
— தூத்துக்குடி

பதில்: வேண்டாம். கடைசிச் சொல் மட்டும்தான் இன்னும் முடியாதது, மற்றவை முடிந்தவை. ‘பால் பா’ என்று தட்டுபவர் பாலைக் கேட்டாயிற்று, பாலைவனத்தைக் கேட்கவில்லை. பாயசமா பாக்கெட்டா என்பதுதான் இன்னும் தெரியாது. மெய்லிசர்ச், அல்கோலியா போன்றவை தாமாகவே கடைசிச் சொல்லுக்கு மட்டும் இந்தச் சலுகை தருகின்றன. எலாஸ்டிக்சர்ச்சில் ‘மேட்ச் பூல் ப்ரீஃபிக்ஸ்’ அதைச் செய்கிறது. கடைசிச் சொல்லுக்குப் பின் இடைவெளி தட்டிவிட்டால் அந்தச் சொல்லும் முடிந்தது என்று கொள்வதே என் கட்சி. பலர் இடைவெளியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வினவலையே அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் தந்த துப்பை வாங்கிக் குப்பையில் போடுவது அது.

கேள்வி: எட்ஜ் என்-கிராம் போடச் சொல்கிறார்கள். போட்டோம். இப்போது எதைத் தட்டினாலும் எல்லாம் வருகிறது!
— மென்பொருள் குழு, சென்னை

பதில்: எட்ஜ் என்-கிராம் என்றால் தேடும் நேரத்து வேலையை முன்கூட்டியே, சேமிக்கும் நேரத்திலேயே முடித்து வைப்பது. ‘மதுரை’ என்ற சொல்லை ம, மத, மது, மதுர, மதுரை என்று ஐந்தாக வெட்டி ஐந்தையும் இண்டெக்ஸில் போடுவார்கள். பிறகு ‘மது’ என்று தட்டினால் விரிக்க எதுவும் இல்லை. ‘மது’ என்ற சொல்லே அங்கு இருக்கிறது, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். இண்டெக்ஸ் பருக்கும், வட்டு மலிவு, வாடிக்கையாளர் பொறுமை மலிவல்ல என்பதால் பெரும்பாலும் இது நல்ல பேரம்.

நீங்கள் மாட்டிக்கொண்டது எங்கே என்று ஊகிக்க முடிகிறது. சேமிக்கும்போது வெட்டிய அதே கத்தி, தேடும்போதும் வாடிக்கையாளரின் சொல்லை வெட்டுகிறது. அவர் ‘மதுரை’ என்று கேட்டதை ம, மத, மது என்று நறுக்கி, ‘ம’-வில் தொடங்கும் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது. தேடலுக்கென்று வெட்டாத, தனி அனலைஸர் வையுங்கள். இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எலாஸ்டிக்சர்ச்சின் எட்ஜ் என்-கிராம் மாற்றாவிட்டால் இரண்டு குறியீடுவரைதான் வெட்டும். நீங்கள் ஐந்து என்று வைத்தால், ஆறாவது குறியீட்டைத் தட்டியதும் விடைப் பெட்டி வெறிச்சோடும். முழுச் சொல்லை நெருங்க நெருங்க விடை காணாமல் போவது வாடிக்கையாளருக்குப் பெரும் எரிச்சல். அளவை 15, 20 என்று உயர்த்துங்கள். இல்லையேல் தேடும் சொல்லை அதே நீளத்துக்குக் கத்தரித்து அனுப்புங்கள்.

இவ்வளவையும் கையால் கட்டச் சலிப்பாக இருந்தால், 2019-இல் எலாஸ்டிக்சர்ச் 7.2 பதிப்போடு வந்த ‘சர்ச் ஆஸ் யூ டைப்’ என்ற புல வகையைப் பாருங்கள். சொல் இணைகளையும் முன்பாதிகளையும் துணைப் புலங்களாக அதுவே அமைத்துக்கொள்ளும்.

கேள்வி: ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையில் எங்கள் தேடல் கண் சிமிட்டுகிறது. விடை வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது. இணைய இணைப்பில் கோளாறா?
— உணவு ஆர்டர் செயலி நடத்துபவர், மதுரை

பதில்: இணைப்பில் ஒன்றும் இல்லை, புள்ளியில் இருக்கிறது கோளாறு. உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். அந்த வகை விசைப்பலகையில் ‘மதுரை’ உருவாகும்போது பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிவது: ம், ம, மத், மது, மதுர், மதுர, மதுரை. ஏழு கட்டம். இவற்றில் ம், மத், மதுர் மூன்றும் ‘மதுரை’யின் தொடக்கமே அல்ல! யூனிகோடில் ‘மத்’ என்பது ம, த, புள்ளி. ‘மது’ என்பது ம, த, உகரக் குறி. மூன்றாவது குறியீட்டிலேயே பாதை பிரிந்துவிட்டது. ஆகவே ஒன்று விட்டு ஒன்று உங்கள் தேடல் பொய்யான முன்பாதியைத் தேடுகிறது. ‘ம்’ என்று தொடங்கும் உணவு எந்தக் கடையிலும் இல்லை, பெட்டி காலி. அடுத்த தட்டலில் நிரம்புகிறது. அதைத்தான் கண் சிமிட்டல் என்கிறீர்கள்.

தமிழ்99 விசைப்பலகையில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே ‘ம’ என்ற அகரமேறிய எழுத்து முதலில் விழும், உயிர் பிறகு சேரும். விசைப்பலகையைப் பொறுத்து அரைச் சொல்லின் வடிவமே மாறுகிறது என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்த நிரலாளர் ஊகிக்க வழியில்லை. ஆங்கிலத்தில் தட்டிய எழுத்து தட்டியபடியே நிற்கும்.

மருந்து எளிது. வினவலை அனுப்பும் முன், கடைசிச் சொல்லின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். ‘மத்’ என்பது ‘மத’ ஆகும். மதுரையும் வரும், மத்தியும் வரும். சேமித்த தரவில் கை வைக்காதீர்கள், வினவலில் மட்டும் போதும். ‘பால்’ என்று முழுமையாகவே தட்டியவருக்குப் பாலைவனமும் பாலமும் சேர்ந்து வருமே என்றால், வரும்தான். அதனால் புள்ளி நீக்காத முழுச் சொல்லையும் கூடவே ஒரு வினவலாகக் கொடுத்து, அது பொருந்தினால் மதிப்பெண்ணை ஏற்றிவிடுங்கள். பால் மேலே நிற்கும், மற்றவை கீழே.

கேள்வி: ‘ஸ்ரீரங்கம்’ என்று நான் தட்டினால் வருகிறது, என் மனைவி தட்டினால் வருவதில்லை. இருவரும் ஒரே மாதிரிதான் தட்டுகிறோம்.
— நூலகத் தன்னார்வலர், திருச்சி

பதில்: திரையில் ஒரே மாதிரி, உள்ளே வேறு. ஸ்ரீ என்ற வடிவத்தை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று ‘ஸ’வில் தொடங்கும் நான்கு குறியீடுகள். மற்றொன்று 2005-இல் யூனிகோட் 4.1 சேர்த்த ‘ஶ’வில் தொடங்கும் நான்கு குறியீடுகள். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகத் தெரியும். உங்கள் கைப்பேசி ஒன்றையும் உங்கள் மனைவியின் கைப்பேசி மற்றொன்றையும் தருகிறது. முதல் குறியீடே வேறு என்பதால் முன்பாதித் தேடலுக்கு இரண்டும் இரு வேறு ஊர்கள். யூனிகோடின் பொதுவான சீராக்கம் இதைச் சரிசெய்யாது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் விதியை நீங்களே எழுத வேண்டும், சேமிக்கும்போதும் தேடும்போதும். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

கூடவே ‘கொ’வையும் பார்த்துவிடுங்கள். க-வோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாகவும் இருக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் இருக்கலாம். இது யூனிகோட் சீராக்கத்திலேயே ஒன்றாகிவிடும். சீராக்காமல் விட்டால் ஒருவர் சேமித்த ‘கொடைக்கானல்’ இன்னொருவர் தட்டும் ‘கொ’வுக்கு அகப்படாது.

கேள்வி: அப்படியானால் ‘ஒளவை’ என்று ள போட்டு எழுதுவதையும் ஒரே விதியில் திருத்திவிடலாமா?
— தமிழாசிரியர், திண்டுக்கல்

பதில்: திருத்த வேண்டும், ஆனால் இங்கே அவசரம் ஆகாது. ஔவையை ஒ, ள என்று இரண்டெழுத்தாகவும், கௌரியைக் கெ, ள என்றும் எழுதியவை இணையம் முழுக்கக் கிடக்கின்றன. ‘ஒள’ வந்தால் ‘ஔ’ என்று கண்ணை மூடி மாற்றினால் ஒளி, ஒளிப்பதிவு, ஒளிவு மறைவு எல்லாம் நாசம். ள-வுக்கு அடுத்துக் குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ள. இன்னொரு மெய்யெழுத்து வந்தால் பெரும்பாலும் ஔகாரம். ‘வெளவால்’ மாறும், ‘வெளிச்சம்’ தப்பும், ‘வெள்ளம்’ தப்பும்.

இந்த விதி சேமித்த முழுச் சொற்களுக்குச் சரி. அரைச் சொல்லுக்கு? ‘வெளிச்சம்’ தட்டுபவர் நடுவழியில் ‘வெள’ என்று நிற்கும் கணம் ஒன்று வரும். அதற்கடுத்து எதுவும் இல்லை. அந்தக் கணத்தில் அதை ‘வௌ’ ஆக்கினால் வெளிச்சமும் வெள்ளமும் ஓடிப்போய் வௌவால் மட்டும் பறக்கும். ஆகவே ள கடைசி எழுத்தாக நின்றால் கை வைக்காமல் காத்திருங்கள். அடுத்த எழுத்து வந்த பிறகு முடிவு செய்யுங்கள். முழுச் சொல்லுக்கான விதியை அரைச் சொல்லின்மீது அப்படியே ஏவக் கூடாது. தட்டத் தட்டத் தேடலில் பாதித் தொல்லைகள் இதை மறப்பதால்தான் வருகின்றன.

கேள்வி: கைப்பேசிச் செயலிக்குள் எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 வைத்திருக்கிறேன். ‘தமி’ என்று தட்டினால் தம்பி வருகிறான். ஏன்?
— தனி நிரலாளர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கேள்விக்குத்தான் இந்த முறை முதல் மரியாதை. எஸ்க்யூலைட்டின் இயல்பான சொற்பிரிப்பானுக்கு ‘யூனிகோட்61’ என்று பெயர். எழுத்து, எண், தனிப் பயன்பாட்டுக் குறியீடு ஆகிய வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாக அது எடுத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் அதற்கு இடைவெளிக்குச் சமம். நம் துணைக்காலும் கொம்பும் கொக்கியும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் ‘எழுத்து’ வகை இல்லை, ‘குறி’ வகை. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லை அது இகரக் குறியில் உடைத்து, புள்ளியை உதிர்த்து, ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக்கிச் சேமிக்கிறது. ‘தம்பி’யோ ‘தம’, ‘ப’. நீங்கள் தட்டிய ‘தமி’யும் அதே கத்தியில் ‘தம’ ஆகிறது. தம்பி, தமக்கை, தமயந்தி எல்லோரும் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். ‘கா’ என்று தட்டிப் பாருங்கள். வெறும் ‘க’வாக உதிர்ந்து, ‘பூக்கள்’ என்ற சொல்லின் நடுவில் உடைந்து கிடக்கும் ‘க’வைக்கூடப் பிடித்துக்கொண்டு வரும்.

ஒரே வரியில் தீர்வு இருக்கிறது. அட்டவணையை உருவாக்கும்போது சொற்பிரிப்பானுக்கு ‘கேட்டகரீஸ்’ என்ற விருப்பம் உண்டு. அதில் இயல்பாக உள்ள வகைகளோடு ‘எம்என்’, ‘எம்சி’ என்ற இரண்டு குறி வகைகளையும் சேருங்கள். அட்டவணையை மறுபடி கட்டுங்கள். தமிழ் முழுசாகத் தமிழாக நிற்கும். அதே இடத்தில் ‘ப்ரீஃபிக்ஸ்’ விருப்பத்தில் 2, 3 என்று கொடுத்தால் அந்த நீள முன்பாதிகளுக்குத் தனி இண்டெக்ஸ் கிடைக்கும், வேகமும் கூடும்.

தமிழுக்கு மட்டும் உள்ள சங்கடமும் இல்லை இது. இந்தி, மலையாளம், சிங்களம் எல்லாம் இதே கத்தியில் வெட்டுப்படுகின்றன. இலவசமாகக் கிடைக்கும் அகராதிச் செயலியோ நூல் செயலியோ தமிழில் சரியாகத் தேடாவிட்டால், எழுதியவருக்கு இந்த ஒரு வரியை அனுப்பிவையுங்கள்.

கேள்வி: ‘வீ’ தட்டினால் ‘வீட்டில்’ என்ற கட்டுரைகள் வருகின்றன. ‘வீடு’ என்று முழுதாகத் தட்டினால் அவை மறைகின்றன. முழுதாகத் தட்டியது குற்றமா?
— வலைதள ஆசிரியர், சென்னை

பதில்: குற்றம் இல்லை, மொழியின் போக்கு. சென்னை, சென்னையில், சென்னைக்கு என்று ஒட்டுகள் பின்னால் சேரும்வரை முன்பாதித் தேடல் அருமையாக வேலை செய்யும். வீடு வீட்டில் ஆகும்போதும், மரம் மரத்தில் ஆகும்போதும், ஆறு ஆற்றில் ஆகும்போதும் சொல்லின் உடலே மாறிவிடுகிறது. அங்கே சொல்வேர் பிரிக்கும் கருவி வேண்டும். 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 பதிப்பிலேயே தமிழுக்கான ஸ்னோபால் வேர்பிரிப்பான் சேர்ந்துவிட்டது.

ஆனால் வேர்பிரித்த புலத்தில் முன்பாதித் தேடலை நடத்தாதீர்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணத்தை போஸ்ட்கிரெஸ் கையேடே தருகிறது. ‘போஸ்ட்கிரெஸ்’ என்பதை முன்பாதியாகத் தேடினால் ‘போஸ்ட்கிராஜுவேட்’ பொருந்திவிடும். வேர்பிரிப்பான் முதலில் கடைசி இரண்டு எழுத்தை உதிர்த்துவிடுகிறது. மிஞ்சியது இரண்டுக்கும் பொதுவான தொடக்கம். அரைச் சொல்லுக்கு வேர் காண முயல்வதே தவறு, அது இன்னும் சொல்லே ஆகவில்லை. ஒரே உரையை இரண்டு புலமாக வையுங்கள், வெட்டாதது ஒன்று, வேர்பிரித்தது ஒன்று. கடைசிச் சொல் முதல் புலத்தில், முடிந்த சொற்கள் இரண்டிலும்.

கேள்வி: பிழையாகத் தட்டினாலும் கண்டுபிடிக்குமா?
— விழுப்புரம்

பதில்: கண்டுபிடிக்கும், அளவோடு விட்டால். ஷுல்ஸ், மிஹோவ் இருவரும் 2002-இல் வெளியிட்ட முறையை 2012-இல் லூசீன் 4.0 ஏற்றுக்கொண்ட பிறகு பிழை பொறுக்கும் தேடல் மிக வேகமாகிவிட்டது. ஆனால் எலாஸ்டிக்சர்ச்சின் ‘ஆட்டோ’ அளவு, மூன்று முதல் ஐந்து குறியீடுள்ள சொல்லில் ஒரு பிழையைப் பொறுக்கும். ‘கொடி’ நமக்கு இரண்டெழுத்து, அதற்கு நான்கு குறியீடு. எனவே ஒரு பிழைக்கு இடம் கொடுத்து கோடி, கடி, கொடை எல்லாவற்றையும் அழைத்துவரும். தமிழுக்கு அந்த எல்லைகளை உயர்த்திவையுங்கள். மேட்ச் பூல் ப்ரீஃபிக்ஸில் கடைசிச் சொல்லுக்குப் பிழைப் பொறுப்பு கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தமிழர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் மயங்கொலியில்தான்: ல ள ழ, ர ற, ந ன ண. இவற்றை ஒன்றாக மடித்த ஒரு துணைப் புலம் வைத்து, அதற்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தால், ‘பளம்’ தட்டியவருக்கும் பழம் கிடைக்கும்.

கேள்வி: எதை முதலில் காட்டுவது?
— ஈரோடு

பதில்: சும்மா விட்டால் எலாஸ்டிக்சர்ச்சின் ப்ரீஃபிக்ஸ் வினவல் பொருந்திய எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போடும். முழுச் சொல்லாகப் பொருந்துவது முதலில், பெயரின் தொடக்கத்தில் பொருந்துவது அடுத்து, பிறகு விற்பனை எண்ணிக்கை. இந்த வரிசையை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: கூகுள் காட்டுவதும் இதே முறைதானா?
— கும்பகோணம்

பதில்: நோக்கம் வேறு. 2004 டிசம்பரில் கெவின் கிப்ஸ் உருவாக்கிய கூகுள் சஜெஸ்ட், மற்றவர்கள் தேடிய சொற்றொடர்களைப் பரிந்துரைத்தது. விடைகளையே தட்டத் தட்டக் காட்டியது 2010-இல் வந்த கூகுள் இன்ஸ்டன்ட். 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள். கடைக்கும் நூலகத்துக்கும் விடைகளையே காட்டுவது நல்லது. ஆள் தேடி வந்த பொருள் கண்முன் நிற்கும்.

கேள்வி: எவ்வளவு வேகம் வேண்டும்?
— கோவை

பதில்: பத்தில் ஒரு நொடிக்குள் வந்தால் உடனே வந்ததாகத் தோன்றும் என்பது ஜேக்கப் நீல்சன் 1993-இல் எழுதிவைத்த அளவு. இன்றும் அதுவே பொருந்துகிறது. ஒவ்வொரு தட்டலுக்கும் வினவல் அனுப்பாமல், கை சற்று ஓய்ந்ததும் அனுப்புங்கள். ‘மது’வுக்கான விடை தாமதித்து வந்து, ஏற்கெனவே வந்த ‘மதுரை’ விடையின்மேல் ஏறி உட்காராதபடி பழைய வினவலை ரத்து செய்யுங்கள். இந்த இரண்டாவதைப் பலர் செய்வதில்லை.

கேள்வி: சொல்லின் நடுப்பகுதியைத் தட்டினாலும் வர வேண்டும்.
— கரூர்

பதில்: அது ட்ரைகிராம் வேலை. போஸ்ட்கிரெஸில் அதற்கென ஒரு நீட்சி உண்டு. எஃப்டிஎஸ்5-இல் 2020 டிசம்பரில் வந்த 3.34 பதிப்பு முதல் உண்டு. குறைந்தது மூன்று குறியீடு தட்ட வேண்டும்.

கேள்வி: தட்டிய அரைச் சொற்களையெல்லாம் சேமித்து ஆராயலாமா? நாங்கள் ஒரு மருத்துவத் தகவல் தளம்.
— சென்னை

பதில்: வேண்டாம். ஒருவர் தன் நோயின் பெயரைப் பாதி தட்டி, தயங்கி, அழித்துவிட்டு வேறொன்றைத் தேடுகிறார். அழித்ததை அவர் உங்களிடம் சொல்லவில்லை. ஆனால் உங்கள் சர்வருக்கு அது போய்விட்டது. தேடலை முடித்து அவர் தேர்ந்தெடுத்ததை மட்டும், ஆள் அடையாளம் நீக்கி, எண்ணிக்கையாக வையுங்கள். இடைப்பட்ட தட்டல்கள் விடை கொடுத்ததும் மறைந்துவிட வேண்டும். சர்வர் பதிவேட்டில் வினவல் சரம் முகவரியோடு சேர்ந்து எழுதப்படுகிறதா என்று இன்றே பாருங்கள். பெரும்பாலும் எழுதப்படும்.

கேள்வி: எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் ரோமன் எழுத்திலேயே ‘மதுரை’ என்று தட்டுகிறார்கள். இணைச்சொல் பட்டியல் போட்டால் போதுமா?
— மதுரை

பதில்: போதாது. இணைச்சொல் பட்டியல் முழுச் சொல்லுக்குத்தான் உதவும். ரோமனில் நான்கு எழுத்து தட்டி நிற்பவருக்கு அது கண்ணிலேயே படாது. ஒவ்வொரு பெயருக்கும் ரோமன் வடிவத்தைச் சேமிக்கும்போதே ஒரு துணைப் புலத்தில் எழுதி, அதற்கும் முன்பாதி இண்டெக்ஸ் கட்டுங்கள். ஒரே பெயரைப் பலரும் பலவிதமாக எழுதுவார்கள். தகரத்துக்கு டி, டிஎச், நெடிலுக்கு ஒற்றை, இரட்டை என்று. ஆகவே எச் எழுத்தை உதிர்த்து, இரட்டித்தவற்றை ஒன்றாக்கி, இரு பக்கமும் ஒரே மாதிரி மடித்துக்கொள்ளுங்கள். உங்கள் செயலியின் பதிவில் விடையில்லாமல் போன ரோமன் சொற்கள் எவை என்று எண்ணிக்கையாகப் பார்த்தாலே, முதலில் எந்த எழுத்தை மடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.